வாண்டு பெற்ற சிட்டு – அத்தியாயம் 17

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் விழுந்த அந்த வார்த்தையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம்ம வாண்டுவும் மறக்கவில்லை. கொட்டின பிறகு அள்ளவா முடியும்?

“பெத்த பிள்ளைக்கு ஒழுங்கா ஒரு பேரு வைக்கத் துப்பில்லாத ஆளு, என் பொண்ணுக்குப் பேரு சொல்ல வந்துட்டாரு!”

சொன்னது வாண்டு. வாங்கிக்கொண்டது அவனைப் பெற்ற அப்பா. பெரியவர் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளினார். கையைக் கழுவினார், கைத்தடியை எடுத்தார், நாலு துணியைப் பையில் திணித்துக்கொண்டு மகள் வீட்டுக்கு, அதாவது வாண்டுவின் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஆறு நாள் ஆகிறது. ஒரு போன் கிடையாது.

அவர் செய்த குற்றம்தான் என்ன? “சிட்டுன்னே இருந்துட்டுப் போகட்டுமேப்பா” என்று மருமகள் பக்கம் பேசினார். அவ்வளவுதான்.

வாண்டு ஆறடி உயரம். நாற்பது மாடி உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவன். முப்பத்தெட்டு வயது, முன்னந்தலையில் முடி விடைபெறத் தொடங்கிவிட்டது. ஆனால் பள்ளிச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், வங்கிப் புத்தகம், சம்பளச் சீட்டு, எதைப் புரட்டினாலும் அவன் முழுப் பேர் ஒன்றே ஒன்றுதான். வாண்டு.

வங்கியில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது, கவுன்ட்டருக்கு யாராவது குழந்தை வரும் என்று எல்லோரும் கீழே குனிந்து பார்த்தார்கள். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துப் பெண் வீட்டார், “செல்லப் பேரு போட்டிருக்கீங்களே, நிஜப் பேரு எங்க?” என்று கேட்டார்கள். அன்றைக்கு மாப்பிள்ளை விழுங்கிய எச்சில் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அப்படிப்பட்டவன் தன் மகளுக்குச் ‘சிட்டு’ என்று பேர் வைப்பானா?

நாளையோடு குழந்தைக்கு ஒரு வயது. அதன் பிறப்புச் சான்றிதழில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் பதிந்தால் ஒரே படிவம், ஒரே நாள். தவறினால் தாமதக் கட்டணம், மனு, அலைச்சல். இன்று மூன்றரை மணிக்குப் பதிவு அலுவலகத்தில் ஜன்னல் மூடிவிடுவார்கள்.

படிவம் வாண்டுவின் பையில் இருந்தது. மூன்று நாளுக்கு முன்பே அவன் மனைவி அதில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள். ஒரு வாடிக்கையாளரை எழுத்துப் பலகையின் முன்னால் உட்கார வைத்துவிட்டு, வெறும் படிவத்தில் அவசரமாகக் கையெழுத்திட்டு நீட்டினாள்.

“மிச்சத்தை நீங்களே எழுதிடுங்க. சிட்டு. மூணே எழுத்து, மறந்துடாதீங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வாண்டு எழுதினான். அக்கா தேர்ந்தெடுத்துக் கொடுத்த பேரை எழுதினான். பதினொரு எழுத்து. பாதி ராணி, பாதி பூ. ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒருமுறை எச்சில் விழுங்க வேண்டும். ஆனாலும் பேர் என்றால் அதுதான் பேர் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். பதிவான பிறகு அவளிடம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு நாள் அழுவாள், பிறகு சரியாகிவிடுவாள்.

ஆம்பிளைகள் போடுகிற கணக்கு இது. எந்த வீட்டில் சரியாக வந்திருக்கிறது, சொல்லுங்கள்!

இன்று காலை அவள் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தாள். அவன் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். குழந்தையின் பையில் மூன்று ஸ்வெட்டர்களை மடித்து வைத்தாள்.

“மூணு எதுக்கு?”

“குழந்தைகள் காப்பகத்துல ஏசி குளிருதாம்.” நிமிர்ந்து பார்க்கவில்லை. “இன்னைக்குக் கொடுத்துடுவீங்கதானே?”

“கொடுத்துடுவேன், கொடுத்துடுவேன். நீ கவலைப்படாதே.”

“என்ன எழுதினீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்களேன்.”

வாண்டு குனிந்து செருப்பை மாட்டினான். “சிட்டுதான். வேறென்ன?”

அவள் தலையாட்டினாள். குழந்தை அவன் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. “சிட்டு, அப்பாவுக்கு டாட்டா சொல்லு” என்றாள். பேரைக் கேட்டதும் குழந்தை சட்டென்று அம்மா பக்கம் திரும்பியது. அது எப்போதும் அப்படித்தான். எட்டாம் மாதம் முடிவதற்குள் பிறந்து, ஆயிரத்து நூறு கிராம் எடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பத்து மூன்று நாள் கிடந்த குழந்தை அது. பேரில்லாத அட்டையில் ஒரு நர்ஸ் ‘சிட்டு’ என்று எழுதித் தொங்கவிட்டாள். அம்மாக்காரி பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு, நாற்பத்து மூன்று நாளும் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

“அந்தப் பேரைக் கேட்டுத்தாங்க அவ மூச்சு விட்டா” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! வாண்டு காதில் வாங்கினால்தானே.

கட்டடத் தளத்தில் இரண்டு கிரேன்கள். வடக்குக் கிரேன் வாண்டுவுடையது. தெற்குக் கிரேனை ஓட்டுகிறவனை எல்லோரும் மீசை என்பார்கள். இரண்டு பேருக்கும் வாக்கி-டாக்கியில் ஒரே அலைவரிசை. அதனால் தளத்தில் ஒரு கறாரான விதி உண்டு. கீழே நின்று சைகை சொல்கிற சிக்னல்காரர் முதலில் பேரைச் சொல்ல வேண்டும், பிறகுதான் வேலையைச் சொல்ல வேண்டும். “வாண்டு, தூக்கு.” “மீசை, நிறுத்து.” தன் பேர் வராவிட்டால் இடி விழுந்தாலும் கையை அசைக்கக் கூடாது.

நேற்று கட்டடத்தைப் பார்க்க வந்த பெரிய மனிதர்கள், “வாண்டு, மெதுவா இறக்கு” என்று வாக்கி-டாக்கி அலறியதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வாக்கி-டாக்கி வழியாக மேலே, கேபின் வரை கேட்டது. ராத்திரி முழுக்க அது அவனைக் குடைந்தது.

காலையில் ஏணி ஏறும் முன் தன் சிக்னல்காரரிடம் போனான். போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். ஐம்பது வயது, அமைதியான மனுஷன்.

“அண்ணே, இனிமே அந்தப் பேரைச் சொல்லாதீங்க. ஆபரேட்டர்னு கூப்பிடுங்க.”

“விதி இருக்கேப்பா.”

“உங்க குரல் எனக்குத் தெரியும். என்னைத்தான் சொல்றீங்கன்னு புரிஞ்சுக்க மாட்டேனா?”

அவருக்கு மனசில்லை. இருந்தாலும் சீனியர் ஆபரேட்டர் சொல்லும்போது புதுசாக வந்தவர் எத்தனை தடவை மறுப்பார்? சரி என்றுவிட்டார்.

தெற்குக் கிரேனின் சிக்னல்காரருக்கு அன்று காய்ச்சல் என்பதும், இரண்டு கிரேனையும் இவரே பார்க்க வேண்டும் என்பதும் வாண்டுவுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. தன் மானம்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

பத்தரை மணி. வாண்டுவின் கொக்கியில் கான்கிரீட் தொட்டி. மீசையின் கொக்கியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி, அந்தரத்தில் காத்திருந்தது. அதற்கு நேர் கீழே, நிற்கக் கூடாத இடத்தில், ஒரு தச்சர் குனிந்து பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

“ஆபரேட்டர், இறக்கு” என்றார் சிக்னல்காரர்.

வாண்டு இறக்கினான்.

மீசையும் இறக்கினான்.

மேலே இருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும். கம்பிக் கட்டு இறங்குவது தெரிந்தது. தச்சரின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. அவர் ஆணி அடிக்கும் சத்தத்தில் எதுவும் கேட்காமல் குனிந்தே இருப்பதும் தெரிந்தது.

“ஆபரேட்டர், நிறுத்து! நிறுத்து!” என்று கீழே சிக்னல்காரர் கத்தினார்.

மீசை நிறுத்தவில்லை. இறக்கச் சொன்னது தன்னை, நிறுத்தச் சொல்வது வாண்டுவை என்று நினைத்துவிட்டான்.

வாண்டு வாக்கி-டாக்கிப் பொத்தானை அழுத்தினான். “மீசை! மீசை, நிறுத்துடா! மீசை!”

கட்டு நின்றது. தச்சரின் தொப்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார், அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

வாண்டு தன் தொட்டியைத் தரையில் இறக்கிவிட்டு மோட்டாரை அணைத்தான். பதினாறு வருஷத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை.

தள அலுவலகத்தில் இன்ஜினியர் நின்றுகொண்டே விசாரித்தார். அவர் உட்காரவில்லை என்றால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம்.

“பேரு சொல்லாம உத்தரவு கொடுத்தது நீங்கதானே?” என்று சிக்னல்காரரைப் பார்த்துக் கேட்டார். “சேர்ந்து ஒரு வாரம் ஆகல. விதியைப் படிச்சுக் காட்டினாங்களா, இல்லையா?”

சிக்னல்காரர் தலைகுனிந்து நின்றார். வாண்டு பக்கம் ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை. காட்டிக் கொடுக்கிற ஆள் இல்லை அவர். வாண்டு சும்மா இருந்தால் அவர் வேலை போகும், இவன் கிரேன் தப்பும்.

“சார்.” வாண்டு ஓரடி முன்னால் வந்தான். “நான்தான் சார் சொன்னேன். பேரைச் சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன்.”

“ஏன்?”

இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, பேரைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வான்?

“வெட்கமா இருந்துச்சு, சார்” என்று கடைசியில் சொல்லியே விட்டான்.

இன்ஜினியர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். “இந்தத் தளத்துல இருநூறு பேரு. அத்தனை பேரும் வாண்டு மேல இருக்கான்னுதான்யா தைரியமா கீழ வேலை செய்யறாங்க. உனக்கு வெட்கமா?” பேனாவை எடுத்தார். “பத்து நாள் கிரேன் பக்கம் வராதே.”

வாசலில் அந்தத் தச்சர் நின்றிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க குரல்தான் என்னைக் காப்பாத்துச்சு, வாண்டு. நல்லா இருப்பீங்க.” தப்புக்குக் காரணமே தான்தான் என்று வாண்டு சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவமானமாக இருந்தது. இது வேறு அவமானம், பேரால் வந்ததில்லை.

பதிவு அலுவலகப் படியில் அக்கா காத்திருந்தாள். மணி மூன்று.

அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு எழுதுகிறவள். ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் மூன்று முறை கேட்டு, பெற்றோரிடம் வாசித்துக் காட்டி, பிறகுதான் மையில் எழுதுவாள். வரிசையில் நிற்கிறவர்கள் திட்டித் தீர்ப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

“என்னடா இவ்வளவு நேரம்? முகமெல்லாம் ஏன் இப்படி இருக்கு? படிவம் எங்க?”

“அக்கா, நான் மாத்தப் போறேன்.”

“எதை?”

“பேரை. சிட்டுன்னே பதியப் போறேன். அவகிட்ட பொய் சொல்லிட்டேன்க்கா. காலையில முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். அவ நாற்பத்து மூணு நாள் கூப்பிட்ட பேரு அது. அதை அடிச்சுட்டு எழுத நான் யாரு?”

அக்காவின் முகம் மாறியது. “வேண்டாம்டா. நீ பட்டது போதாதா? நாளைக்கு அந்தப் பொண்ணு கேட்க மாட்டாளா, ஏன் எனக்கு இப்படி ஒரு பேரு வச்சீங்கன்னு?”

“கேட்டா அவ அம்மாகிட்ட கேட்கட்டும். அவகிட்ட பதில் இருக்கு. நம்ம அப்பாகிட்டதான் பதிலே இல்ல.”

“அப்பாவைச் சொல்லாதே!”

கத்தியேவிட்டாள். படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

“அப்பா சொல்லலடா. நான் சொன்னேன்.”

“என்ன சொன்னே?”

“உன் பேரை. பள்ளிக்கூடத்துல சேர்க்க அன்னைக்கு அப்பா வரல. அவருக்கு பஸ்ல காலை டியூட்டி. அம்மா காய்ச்சல்ல படுத்திருந்தா. அப்பா ஒரு துண்டுச் சீட்டுல உன் பேரை எழுதி என் கையில கொடுத்து, தம்பியைக் கூட்டிட்டுப் போன்னு சொன்னார். எனக்கு ஒன்பது வயசுடா. வழியில சீட்டைத் தொலைச்சுட்டேன்.”

வாண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

“டீச்சர் பேரைக் கேட்டாங்க. தெரியலன்னு சொன்னா அடிப்பாங்களோன்னு பயம். வீட்ல கூப்பிடறதுதானே எனக்குத் தெரியும்? வாண்டுன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்தறதுக்கு அப்பா நாலு தடவை அலைஞ்சார். லீவு கிடைக்கல, அது இது, முடியாமப் போச்சு.”

“ஏன் இத்தனை வருஷம்…”

“அப்பாதான் சொல்லக் கூடாதுன்னார். ‘அவன் கோவம் எல்லாம் என்மேல இருக்கட்டும், அக்கா தம்பி நல்லா இருங்க’ன்னார். நானும் வாயை மூடிக்கிட்டேன். சௌகரியமா இருந்துச்சுடா எனக்கு. போன வாரம் நீ சொன்னியாமே ஒரு வார்த்தை, அதை அவர் வந்து என்கிட்ட சொல்லக்கூட இல்ல. உன் பொண்டாட்டிதான் போன்ல சொல்லி அழுதா.”

முப்பத்து மூன்று வருஷம். அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன வாரம் அந்த மேஜையிலாவது சொல்லியிருக்கலாம். தட்டைத் தள்ளிவிட்டுப் போனாரே தவிர சொல்லவில்லை. ஓடிப்போய் அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது.

“அப்பா உன் வீட்லதானே இருக்கார்?”

“காலையில நடந்துட்டு வரேன்னு போனார். இன்னும் வரல.” அக்கா மூக்கை உறிஞ்சினாள். “துணிப் பையையும் எடுத்துட்டுப் போயிருக்கார்.”

மணி மூன்று பத்து. புதுப் படிவம் வேண்டும். புதுப் படிவம் என்றால் மனைவியின் கையெழுத்து வேண்டும். கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டான்.

“அவங்க இன்னைக்கு வரலையே, சார். லீவு சொல்லிட்டாங்க.”

மனைவியின் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டான். மறுபடி போட்டான். பிறகுதான் பையிலிருந்து படிவத்தை எடுத்தான். அவன் அதை மூன்றாக மடித்து வைத்திருந்தான். இப்போது அது நான்காக மடிந்திருந்தது.

பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுத்தான் காலையில் கேட்டிருக்கிறாள், என்ன எழுதினீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்களேன் என்று. உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறாள்.

வாண்டு ஜன்னலுக்கு ஓடி, மருத்துவமனைச் சீட்டை நீட்டி ஒரு நாள் அவகாசம் கேட்டான். உள்ளே இருந்த அலுவலர் கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு சீட்டின் எண்ணைக் கணினியில் தட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

“இந்தக் குழந்தைக்குக் காலையிலேயே பேரு பதிஞ்சாச்சே, சார்.”

“யாரு பதிஞ்சது?”

“அம்மாதான். அம்மா கையெழுத்து இருந்தாப் போதும், கூட ஒரு சாட்சி. கைத்தடியோட ஒரு பெரியவர் வந்திருந்தார். குழந்தை அவர் தோள்லதான் தூங்குச்சு.” அலுவலர் லேசாகச் சிரித்தார். “இது வீட்டுப் பேரா, நிஜப் பேரான்னு கேட்டேன். அந்தம்மா பதில் சொல்றதுக்குள்ள பெரியவர் சொன்னார், ‘எழுதுங்க, இதுதான் நிஜப் பேரு’ன்னு.”

சான்றிதழின் நகலை ஜன்னல் வழியாகத் தள்ளினார். “நீங்க குழந்தையோட அப்பாதானே? சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. மூடப் போறேன்.”

குழந்தையின் பெயர்: சிட்டு. அதற்கு அடுத்த வரியில் தந்தையின் பெயர்: வாண்டு.

இரண்டையும் அவன் மெதுவாகப் படித்தான். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. அழுகைதான் வந்தது. அவன் செய்ய ஓடி வந்த காரியம் நடந்து முடிந்திருந்தது. நடந்தபோது அப்பா இருந்திருக்கிறார், அவள் இருந்திருக்கிறாள், சிட்டு இருந்திருக்கிறாள். அவன் மட்டும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனான். முகவரி. வீட்டு எண் வேறு. தெரு வேறு. அது அவன் மைத்துனன், மனைவியின் தம்பி வீட்டு முகவரி.

காலையில் மடித்து வைத்த மூன்று ஸ்வெட்டர்கள் காப்பகத்துக்கு இல்லை.

“என்ன சார், எல்லாம் சரியா இருக்கா?” அலுவலரின் கை ஜன்னல் கதவில் இருந்தது.

“பேரெல்லாம் சரிதாங்க” என்றான் வாண்டு. “முகவரிதான் தப்பு.”

“அந்தம்மா, இனிமே அங்கதான்னு சொன்னாங்களே!” அலுவலர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். குரல் சற்று இறங்கியது. “மாத்தறதா இருந்தா பதினஞ்சு நாள் இருக்கு, சார். ஆனா அவங்களைக் கூட்டிட்டு வரணும்.”